கிருத்திகைக்கு வலிக்காது

என் மனைவியின் வயிற்று வலியை வைத்து நான் வியாபாரம் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால் எப்படியாவது பூசி மெழுகிவிடுவேன். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

திருத்தணியில் மலைப் படிக்கட்டு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்குப் பூஜைச் சாமான் கடை. விபூதி, சந்தனம், பன்னீர், பால்குடம் எல்லாம் விற்பேன். காவடி வாடகைக்குக் கொடுப்பேன். வருகிறவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டிய தொழில் அது. பேசாத கடைக்காரனைத் தாண்டிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். எனக்குப் பேச்சில் குறை வைக்கவில்லை கடவுள்.

மனைவி என் தாய்மாமன் மகள். நகரிப் பக்கம், விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடும். சின்ன வயதிலிருந்து என்னை அத்தான் என்பதற்குத் தெலுங்கில் பாவா என்று கூப்பிட்டுப் பழகியவள், தாலி கட்டிய பிறகும் அதையே வைத்துக்கொண்டாள். அவள் அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது.

எங்கள் பெண் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அவளுக்கு வலி தொடங்கியது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். வலி முதுகு வரைக்கும் போகிறது என்பாள். தலையணையை மடியில் வைத்து அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். நான் கேஸ் என்றேன். சோடா வாங்கிக் கொடுத்தேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மருந்துக் கடையில் அல்சர் மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டேன். வலி சில மாதம் காணாமல் போகும், பிறகு வரும். அப்புறம் அதற்கு நான் வேறு பெயர் வைத்தேன். நடிப்பு.

அரக்கோணத்தில் என் அக்கா வீட்டு விசேஷத்தில் நடந்ததைச் சொன்னால் போதும். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு இவள் உள்ளறையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். கூடத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்க, "பாத்திரம் வெளக்கற நேரம் வந்தா அவளுக்கு வவுத்த வலி வந்துடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம். அவள் எழுந்து வந்து பின்கட்டில் உட்கார்ந்து அத்தனை பாத்திரத்தையும் துலக்கினாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிருத்திகை. வழக்கமாகக் காலை ஒருவேளை மட்டும் விட்டுவிட்டுப் பிறகு சாப்பிடுகிறவள், அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடாமல் இருந்துவிட்டாள். சாயங்காலம் மலைக்குப் போய் இறங்கி வந்தபோது கடையில் என் எதிரில் நின்று, "இன்னிக்கு வலிக்கவே இல்ல பாவா" என்றாள். அடுத்த கிருத்திகையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் வலி இல்லை.

அப்போதுதான் அவள் வலியை நான் நம்பினேன். இத்தனை வருஷம் வலிக்கிறது என்று அவள் சொன்னபோது நம்பாதவன், வலிக்கவில்லை என்று சொன்னதும் நம்பினேன். முருகன் எடுத்துவிட்டான் என்றால் எடுக்க ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டுமே. இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

கடையில் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். "என் சம்சாரத்துக்கு எத்தினி டாக்டர் பாத்தும் கேக்காத வலிங்க. கிருத்திகை விரதம் இருந்தா, அன்னிக்கு வலிக்காது. நீங்களே வந்து கேளுங்க." எத்தனை டாக்டர் பார்த்தேன்? மருந்துக் கடைக்காரன் ஒருத்தனைப் பார்த்தேன். ஆனால் கதை எடுபட்டது. கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பால்குடம் வாங்க வந்தவர்கள் காவடியும் எடுத்தார்கள். மதியச் சாப்பாடு கொண்டுவருகிறவளை நிறுத்தி அவள் கையால் விபூதி கேட்டார்கள். அவள் கூசிப்போய், கூடையை வைத்துவிட்டு ஓடிவிடுவாள். "பக்தி ஜாஸ்தி, அதான் வெக்கம்" என்று அதையும் நான் கதையில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு செவ்வாய்க்கிழமை சேர்ந்தது. சஷ்டி சேர்ந்தது. சும்மா நாளில் வலி வந்தாலும், "இன்னிக்கு ஒண்ணும் துன்னாத மே, தானா அடங்கும்" என்பேன். அடங்கும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு நாள் கூட்டுவேன். ஆடிக் கிருத்திகைக்கு நானே காவடி தூக்கிக்கொண்டு படி ஏறினேன். அவள் பின்னால் வெறும் வயிற்றோடு ஏறினாள். ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டாள். நான் கவனித்தேன். விரதம் இருந்தால் உடம்பு இளைக்கத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் தாகம் தாங்காமல் ராத்திரியும் பகலும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்ததும், கல்லூரிக்குப் போகிற எங்கள் பெண்தான் என்னிடம் கேட்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார்த்தாள். சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. ஒல்லியாக இருப்பவளுக்கு இவ்வளவு சர்க்கரை ஏன் என்று அந்த டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கணையத்தில் கல். ஒன்றல்ல, வரிசையாக. சென்னைக்குப் போகச் சொன்னார்கள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். ஆபரேஷன் செய்கிறவர். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்.

"வலி எப்பம்மா வரும்?"

"சாப்ட்டா வரும்."

"சாப்பிடலன்னா?"

"கிருத்திகைக்கு வராதுங்க."

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எடை பார்க்கவும் ரத்தம் கொடுக்கவும் நர்சோடு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். சாப்பாடு உள்ளே போனால் கணையம் நீர் சுரக்க வேண்டும், போகிற வழியைக் கல் அடைத்திருக்கிறது, அதனால் வலிக்கிறது. சாப்பிடாவிட்டால் அதற்கு வேலை இல்லை, அதனால் வலி குறைகிறது. இவ்வளவுதான் என்றார். குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் நம் பக்கத்தில் இந்த நோய் வருகிறது, ஏன் என்று முழுசாகத் தெரியவில்லை என்றார். எல்லாவற்றையும் அமைதியாகத்தான் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"இவங்களை இவ்ளோ பட்டினி இருக்கச் சொன்னது யாரு?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அவங்களேதான் டாக்டர். நான் சொன்னா எங்க கேக்கறாங்க. பக்தி ஜாஸ்தி."

அவர் நம்பினாரா என்று தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டு மேலே பேசினார். கணையத்தை நீளவாக்கில் திறந்து கல்லை எடுத்துவிட்டு, நீர் இறங்க வழியாகக் குடலை அதன் மேல் வைத்துத் தைக்க வேண்டும். நிறையப் பேருக்கு வலி நன்றாகக் குறையும், எல்லோருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சர்க்கரை போகாது. பெரிய ஆபரேஷன்தான், ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்படியே விட்டால் அவர்கள் உடம்பு தாங்காது. இப்போதைய எடையில் தொடவும் முடியாது. முதலில் சாப்பிட வேண்டும், சாப்பாட்டோடு மாத்திரை போட வேண்டும், விரதம் என்ற பேச்சே கூடாது. இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மணவூர் தாண்டியதும் கேட்டாள்.

"டாக்டரம்மா தனியா இன்னா சொன்னாங்க பாவா?"

"ஆபரேஷன் பண்ணா நல்லதுன்றாங்க. பண்ணாலும் கேரண்டி இல்லையாம்."

பாதியைச் சொன்னேன், மீதியை மென்று விழுங்கினேன். அவள் ஊர் வரும்வரை யோசித்தாள்.

"கத்தி வாணாம் பாவா. கிருத்திகைக்கு வலிக்காம வெச்சிகினு இருக்கறவன் மீதி நாளும் பாத்துக்க மாட்டானா."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அது முருகன் இல்லை, உன் வயிறு சும்மா கிடந்தது, நான் உன்னைப் பட்டினி போட்டேன் என்று ஒரு வரி போதும். நான் பெரிய மனதுக்காரன் மாதிரி, "உன் இஷ்டம் மே" என்றேன். உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. ஆபரேஷன் என்றால் கடைத்தெரு முழுக்கக் கேட்குமே, முருகன் சரி பண்ணிவிட்டான் என்றாயே, இப்போது எதற்குக் கத்தி என்று. அவள் உயிர் ஒரு பக்கம், என் மூஞ்சி ஒரு பக்கம். நான் மூஞ்சியைப் பார்த்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

ஒரு மாதம் ஓடியது. மாத்திரையைப் போட்டாள், ஆனால் சாப்பாட்டைப் பார்த்தால் பயந்தாள். இரண்டு வாய் சோற்றுக்கு மேல் இறங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வலித்தால் என்ன சொல்வது என்று. அடுத்த கிருத்திகை வந்தது, முழு நாளும் பட்டினி இருந்தாள். தடுக்க வேண்டியவன் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

அன்று காலை கடைக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள்.

"அண்ணா, ஞாபகம் இருக்குதுங்களா? போன வருஷம் வந்தேன். இவளுக்கு வவுத்த வலின்னு சொன்னேன். நீங்கதான் சொன்னீங்க, கிருத்திகைக்குப் பட்டினி இருக்கச் சொல்லு, முருகன் பாத்துக்குவான்னு. இருக்கறாண்ணா. வலி இல்ல. அதான் காவடி எடுக்கலாம்னு வந்தோம்."

அவன் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. பின்னால் அந்தப் பெண் துணிப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கழுத்து எலும்பு தனியாகத் தெரிந்தது. ரவிக்கையின் பக்கவாட்டில் பிடித்துத் தைத்த தையல் தெரிந்தது. புது மயிலிறகு வைத்த நல்ல காவடியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். வாடகையையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அரோகரா என்று சொல்லி அவர்கள் படி ஏறினார்கள்.

அதற்குப் பிறகு கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு விலையை மாற்றி மாற்றிச் சொன்னேன். மனைவி அனுப்பிய சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. என் வீட்டில் ஒருத்தி பட்டினி கிடப்பது எனக்குப் பழகிவிட்டது. என் வாயால் ஊருக்குள் இன்னும் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணி சுமாருக்குக் காவடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். எழுந்து நின்றேன்.

"உங்க சம்சாரத்துக்கு ஸ்கேன் எடுத்தீங்களா?"

"எதுக்குங்கண்ணா? அதான் நல்லா ஆயிடுச்சே."

"எங்க வீட்ல எடுத்தோம். கணையத்துல கல்லு. அந்த நோவு வந்தா சாப்டாம இருந்தா வலி கொறையும். அது நோவோட கொணம், விரதத்தால இல்ல. உங்க வீட்ல இருக்கறதும் அதானான்னு எனக்குத் தெரியாது. ஆனா பட்டினி போடாதீங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

பக்கத்துக் கடைக்காரர் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த ஆளுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உனக்கு எப்பத் தெரியும் இது?"

"ஒரு மாசம் ஆவுது."

"காலைல உன் எதிர்ல நின்னுகினுதான பேசினேன். ஏன் சொல்லல?"

அண்ணாவும் போயிற்று, நீங்களும் போயிற்று. அவன் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண்தான் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"ஆஸ்பத்திரில சாப்டச் சொல்வாங்களாண்ணா?"

"சொல்வாங்கம்மா" என்றேன். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தான்.

கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் சமையல்கட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், பெண்ணுக்கும் எனக்கும். அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். யார் பட்டினி போட்டது என்று அவர் கேட்டதையும், அதற்கு நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"நானேன்னு சொன்னியா?"

"ஆங்."

தோசைக் கல்லில் பாதி வெந்து கிடந்ததை அவள் தோசைத் திருப்பியால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கிருத்திகைக்கு வலிக்கலன்னு நெனச்சிகினு இருக்கியா நீ?"

"நீதான மே சொன்ன."

"மொத வருஷம் சொன்னேன். அது நெசம். அப்பால கிருத்திகைக்கும் வலிச்சுது பாவா. சாப்ட்ட நாள் அளவுக்கு இல்ல, ஆனா வலிச்சுது. இன்னிக்கும் வலிக்குது."

"ஏன் சொல்லல?"

"வரவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிகினு இருந்த. நான் போயி வலிக்குதுன்னா உன் மூஞ்சிய எங்க வெச்சிக்குவ?" திருப்பியைக் கீழே வைத்தாள். "அதும் இல்லாம, வலிக்கலன்னு சொன்னாத்தான் நீ எங்கிட்ட நல்லா பேசின."

ரயிலில் அவள் முருகன் பார்த்துக்கொள்வான் என்று சொன்னது கூட எனக்காகத்தானா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வெட்கத்தில் எழுந்து போய்விடலாம் போல இருந்தது. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது ஒன்றுதான் அன்று நான் ஒழுங்காகச் செய்த காரியம்.

அவளே கேட்டாள். "இப்ப சொல்லு. ஆபரேஷன் பண்ணிக்கவா, வாணாவா?"

"நான் சொல்ல மாட்டேன் மே. நான் சொன்னதக் கேட்டுத்தான் உனக்கு இந்தக் கதி."

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது கொஞ்சம்தான். அன்று வந்தது. "இத்தினி வருஷம் வாய் ஓயாம எனக்கும் சேத்து நீயே பேசின. இத ஒண்ணு கேட்டா மட்டும் ஊமையாயிடுவியா? பயமா இருக்குதுன்னு கேக்கறேன். சொல்லு."

"பண்ணிக்கோ" என்றேன். "எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா பண்ணிக்கோ மே."

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது என்னை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு, பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். வயிற்றை எவ்வளவு கிழிப்பீர்கள், எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும், செத்துப்போவேனா, பிறகு சோறு சாப்பிடலாமா என்று நேராகவே கேட்டாளாம். வெளியே வந்து, "தேதி வாங்கிட்டேன்" என்றாள். அதிலிருந்து இரண்டரை மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். கிருத்திகைக்கும் சாப்பிட்டாள். வலித்தால் வலிக்கிறது என்று சத்தமாகச் சொன்னாள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைத்தெருவில் ஒருவர் விடாமல் கேட்டார்கள். "இன்னா, முருகன் கைய விட்டுட்டாரா?" என்று பக்கத்துக் கடைக்காரர் குத்தினார். "நான் பண்ணதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு" என்றேன்.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வலி அடியோடு போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் கதை கட்டுவதை விட்டுவிட்டேன். குறைந்திருக்கிறது. சில நாள் வருகிறது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறாள், மாத்திரை இல்லாமல் சாப்பிட முடியாது. நான் சொல்ல வந்தது அதை அல்ல. அவளைச் சேர்த்த அன்றைக்கு நடந்ததைத்தான்.

கட்டிலில் உட்கார வைத்து, கையில் ஊசி குத்தி வைத்திருந்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றார். பெயர், வயது, எடை எல்லாம் எழுதிவிட்டு, "எத்தனை வருஷமா வலி?" என்றார்.

"மூணு வருஷமா" என்றேன். யோசிக்கவே இல்லை. நான் நம்பிய நாளிலிருந்துதான் என் கணக்கு, எல்லா இடத்திலும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

"பன்னெண்டு வருஷம் டாக்டர்" என்றாள் அவள்.

அவர் தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "எது எழுதறது? அவரு மூணுன்றாரு."

"அவருக்குத் தெரியாதுங்க" என்றாள்.

மறுநாள் காலை வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், அப்போதும் என் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் டாக்டர்" என்றேன். "அன்னிக்கே எங்கிட்ட சொன்னாங்க. நான் நடிப்புன்னேன். பன்னெண்டுன்னே எழுதுங்க."